படுகளத்துக்கு மறுநாள்: போருக்குப் போய் வந்தவரை மேடையேற்றும் முறை

திரௌபதி அம்மன் திருவிழாவில் பதினெட்டாம் போர்க் கூத்து விடிய விடிய நடக்கும். விடிந்ததும் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், பாஞ்சாலி கூந்தலை முடிப்பாள், ஊர் கலைந்து வீட்டுக்குப் போகும். மறுநாள் காலையில் தருமன் என்ன செய்தான் என்பது பெரும்பாலும் மேடைக்கு வருவதில்லை. பாரதத்தில் அது இருக்கிறது. கர்ணன் தன் அண்ணன் என்று தெரிந்ததும், அரசு வேண்டாம், காட்டுக்குப் போகிறேன் என்று அவன் உட்கார்ந்துவிடுகிறான். ஜெயித்தவன் உட்கார்ந்துவிடுகிற அந்த இடத்திலிருந்துதான் நல்ல போர் நாடகம் தொடங்குகிறது.

அந்த மறுநாளை எழுதி மேடையேற்றுவது எப்படி என்று இங்கே பார்க்கலாம். சேலத்தில் ஒரு கல்லூரிக் குழுவோ ஊர் மன்றமோ 45 நிமிஷ நாடகம் போடுகிறது, நடிக்க ஐந்து பேர் இருக்கிறார்கள், கையில் பெரிய பணம் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒன்றை முடிவு செய்துவிடுங்கள்: மேடையில் சண்டை கிடையாது. துப்பாக்கி, புகை, சிவப்பு விளக்கு, கண்ணை மூடினால் வரும் பழைய காட்சி, எதுவும் வேண்டாம். சண்டையை ஒருவர் எப்படித் தாங்குகிறார் என்பதுதான் நாடகம். தாங்குவது கையால் செய்கிற வேலை. உங்கள் பட்டாளத்துக்காரரின் கைக்கு அந்த வேலை என்ன என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி நாடகம் எழுதின மாதிரி.

படிக்கும்போது கையைப் பாருங்கள்

எழுத உட்காருவதற்கு முன் இரண்டு வாரம் படிப்புக்கு ஒதுக்குங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். ஒரு பத்தியில், அவர் கை என்ன செய்கிறது. அடுத்ததில், எதைச் சொல்லாமல் விடுகிறார். மூன்றாவதில், அதை யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கதைச் சுருக்கம் எழுத வேண்டாம். அதனால் மேடைக்கு ஒரு பயனும் இல்லை.

இந்த நோட்டை நிரப்ப ஆர்.சி. ஷெரீஃப் எழுதிய 'ஜர்னிஸ் எண்ட்' நாடகத்தை விட நல்ல நூல் கிடைப்பது அரிது. 1928-இல் லண்டனில் முதலில் மேடையேறியது. ஷெரீஃப் முதல் உலகப் போரில் போய்ச் சண்டை போட்டுக் காயப்பட்டு வந்தவர். கதை நடப்பது 1918 மார்ச் 18 முதல் 21 வரை, பிரான்சில் ஒரு பதுங்குகுழிக்குள். ஜெர்மானியரின் பெரிய தாக்குதல் வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். நாடகம் முழுக்க அவர்கள் செய்வது காத்திருப்பது.

ஒவ்வொருவரும் எப்படிக் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ட்ராட்டர் ஒரு தாளில் 144 வட்டம் போட்டு வைத்திருக்கிறார். ஆறு நாள், நாளுக்கு 24 மணி. ஒரு மணி நேரம் போனால் ஒரு வட்டத்தைக் கறுப்பாக்குகிறார். ஆஸ்போர்ன் 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' படிக்கிறார். கேப்டன் ஸ்டான்ஹோப் விஸ்கி குடிக்கிறார். ஹிப்பர்ட் நரம்பு வலி என்று சொல்லி ஊருக்குப் போகப் பார்க்கிறார். இடையில் சூப்புக்கு மிளகு இல்லை என்று ஒரு பெரிய பேச்சு, அன்னாசி என்று நினைத்துத் திறந்த டப்பாவில் ஆப்ரிகாட் இருந்தது என்று ஒரு சலசலப்பு. சாவு வாசலில் நிற்கும்போது மனிதர்கள் மிளகைப் பற்றித்தான் பேசுவார்கள் என்பது ஷெரீஃபுக்குத் தெரிந்திருக்கிறது. புதிதாக எழுதுகிறவர்கள் முதலில் வெட்டி எறிவதும் இந்த மிளகைத்தான். அதை வெட்டினால் மிஞ்சுவது முழக்கம்.

ஒரு சின்னத் தாக்குதலுக்குக் கிளம்பும் முன் ஆஸ்போர்ன் தன் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் ஸ்டான்ஹோப்பிடம் விட்டுப் போகிறார். பிறகு மிஞ்சிய சில நிமிஷத்தில் அவரும் இளைஞன் ராலேயும் ஊரில் உள்ள காட்டையும் பன்றிகளையும் பற்றிப் பேசுகிறார்கள். ஆஸ்போர்ன் திரும்பி வருவதில்லை. தாக்குதலை நாம் பார்ப்பதும் இல்லை. அன்றிரவு மற்ற அதிகாரிகள் கோழியும் ஷாம்பெய்னும் வைத்து விருந்து சாப்பிடுகிறார்கள். ராலேயால் அதில் உட்கார முடியவில்லை. விருந்து மறப்பதற்காக என்று ஸ்டான்ஹோப் அவனிடம் கத்த வேண்டியிருக்கிறது. நாடகத்தில் 'நான் தாங்குகிறேன்' என்று யாராவது வெளிப்படையாகச் சொல்வதற்கு மிக அருகில் வருவது இந்த ஒரு இடம்தான். அதையும் ஷெரீஃப் முக்கால் பங்கு கடந்த பிறகே வைத்திருக்கிறார்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வித்தை என்று நினைத்துவிட வேண்டாம். முல்லைப்பாட்டில் பாசறையில் தூக்கம் வராத அரசனை நப்பூதனார் காட்டுகிறார். வேல் பாய்ந்து புண்பட்டுத் தன் பிடிகளை மறந்துவிட்ட களிற்றை நினைக்கிறான், போரில் விழுந்தவர்களை நினைக்கிறான். அப்போது உடம்பு எப்படி இருக்கிறது? 'ஒருகை பள்ளி ஒற்றி, ஒருகை முடியொடு கடகம் சேர்த்தி.' ஒரு கை படுக்கையை அழுத்துகிறது, கடகம் போட்ட மற்ற கை தலையோடு சேர்ந்திருக்கிறது. 103 அடிப் பாட்டில் இந்த ஒன்றரை அடி நடிகருக்கு முழு இயக்குநர் குறிப்பு. ஒரு சொல் வசனம் இல்லை. ஒத்திகையின் முதல் நாளில் நடிகரைக் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்து, இந்த நிலையில் நான்கு நிமிஷம் விடுங்கள். இரண்டாவது நிமிஷத்தில் நடிக்கத் தொடங்குவார், பெருமூச்சு விடுவார். மூன்றாவதில் அலுத்துப்போய் நிறுத்துவார். நான்காவது நிமிஷம்தான் உங்களுக்கு வேண்டியது.

எந்தப் போர், எந்த வருஷம், என்ன ரேங்க்

'ஒரு போர் வீரர்' என்று பொதுவாக எழுதினால் பொம்மைதான் வரும். போரையும் வருஷத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 1971 டிசம்பர் 3 முதல் 16 வரை நடந்த போரா, 1987 முதல் 1990 மார்ச் வரை இலங்கையில் இருந்த அமைதிப்படையா, 1999 மே முதல் ஜூலை வரை நடந்த கார்கிலா? ஒவ்வொன்றுக்கும் தாங்குகிற விதம் வேறு. அமைதிப்படைக்குப் போன தமிழ்ச் சிப்பாயை எடுத்தால், தேடுதலுக்குள்ளான வீட்டில் கிழவி அழுவது அவருக்கு மட்டும் சொல்லுக்குச் சொல் புரிந்திருக்கும். அவர் கை எதையாவது செய்வதற்குப் பதில் காது எதையோ கேட்டுக்கொண்டிருக்கும். கடினமான நாடகம் அது. முதல் முயற்சிக்கு வேண்டாம்.

இங்கே 1971-ஐ எடுத்துக்கொள்வோம். ஆள் ஒரு நாயக், தோளில் இரண்டு பட்டை. ரேங்கில் பிழை வராமல் பாருங்கள்: சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார், அதற்கு மேல் நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். நம் நாடகங்களில் ஊருக்கு வருகிற எல்லோரும் கேப்டனாகவே வருகிறார்கள். சேலத்துக் கிராமத்திலிருந்து போன பெரும்பாலானோர் கேப்டன் ஆனதில்லை. கேப்டனுக்குக் கீழே இருப்பவருக்குத்தான் தன் பொறுப்பில் இருந்த பையன்களின் வீட்டு முகவரி மனப்பாடமாக இருக்கும்.

நாயக் 1972 தொடக்கத்தில் 60 நாள் ஆண்டு விடுப்பில், அவர்கள் பாஷையில் 'சுட்டி'யில், வருகிறார். இந்த வருஷத்தை எடுத்த பிறகு சில விஷயம் நாடகத்துக்குள் நுழையக் கூடாது. ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் அப்போது இல்லை. இரும்பாலை உற்பத்தி தொடங்கவில்லை. நாமக்கல் அப்போது சேலம் மாவட்டம்தான், பிரிந்தது 1997-இல். வீட்டுக்கு வந்த கடிதத்தில் முகவரி 'கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.' என்று ராணுவத் தபால் நிலையத்தின் பெயரில் இருக்கும். எந்த ஊரில் இருக்கிறார் என்று மனைவிக்குக்கூடத் தெரிந்திருக்காது. பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயை டாக்டரோ வாத்தியாரோ 'பி.டி.எஸ்.டி.' என்று சொல்லவே கூடாது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் அந்தப் பெயர் ஏறியது 1980-இல். முதல் உலகப் போரில் 'ஷெல் ஷாக்' என்றார்கள். 1972-இல் நம் ஊரில் என்ன சொல்லியிருப்பார்கள்? 'பயந்துட்டாப்ல', 'காத்து கருப்பு அண்டிருச்சு', 'கல்யாணம் ஆனவன்தானே, சரியாப் போயிடும்.' இவற்றை வைத்தே எழுதுங்கள்.

வேப்பிலை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அம்மா வாசலில் வேப்பிலை செருகினால் அதைக் கேலிக் காட்சியாக்கிவிடாதீர்கள். புறநானூறு 281-இல் அரிசில்கிழார் பாடுவதும் அதுவே. புண்பட்டு வந்தவனுக்காக வீட்டில் இரவ மரத் தழையோடு வேம்பைச் செருகி, ஐயவி என்னும் வெண்கடுகைத் தூவி, மணி அடித்து, காஞ்சி பாடி, புகை போட்டுக் காக்கலாம் வா தோழி என்கிறாள் மனைவி. அதுவும் தாங்குகிற வேலைதான், அவனுக்காக அவள் செய்வது. அம்மா வேப்பிலை செருகும்போது நாயக் ஏணியைப் பிடித்துக்கொள்ளட்டும். அவ்வளவு போதும்.

எண்ணுவதற்கு ஏதாவது கொடுங்கள்

ட்ராட்டரின் 144 வட்டத்தை அப்படியே எடுத்தால் திருட்டு. அதன் எலும்பை எடுங்கள்: காலத்தைத் துண்டு துண்டாக்கி விழுங்குவது. நம் வீட்டுச் சுவரில் அதற்கான கருவி ஏற்கெனவே தொங்குகிறது, நாள் கிழிக்கும் காலண்டர். 60 தாளை மட்டும் அட்டையில் விட்டு வைத்து, ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் நாயக் ஒரு தாளைக் கிழிக்கட்டும். காட்சிகள் விடுப்பின் 3, 20, 41, 59 ஆகிய நாட்களில் நடக்கின்றன. காட்சிக்கு நடுவே விளக்கு அணையும்போது, இடைப்பட்ட தாள்களை மேடை உதவியாளர் கழற்றிவிட வேண்டும். காலண்டர் மெலிந்துகொண்டே போவது மூன்றாம் வரிசை வரை தெரியும், தேதி தெரியாது. அதனால் பழைய வருஷத்துக் காலண்டர் போதும். கிழித்த தாளை அவர் எறியாமல் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைக்கட்டும். ஏன் என்று யாரும் கேட்க வேண்டாம்.

வீட்டு வேலையிலும் ஒன்று கொடுங்கள். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, உரிப்பது சேலத்துக்குப் பொருந்தும். தோலில் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, கத்தி முனையால் நெம்பி, தோலை முழுசாகச் சுருட்டி எடுக்க வேண்டும். தெரியாத நடிகர் உருளைக்கிழங்கு போலச் சீவுவார், முன்வரிசைப் பெண்கள் சிரிப்பார்கள், காட்சி போய்விடும். ஐந்து கிலோ வாங்கி மூன்று ஒத்திகையில் பழக்குங்கள். கையில் கத்தி இருப்பதால் பார்ப்பவர்கள் ஏதோ நடக்கப்போகிறது என்று காத்திருப்பார்கள். ஒன்றும் நடக்கக் கூடாது. கிழங்கு வேகட்டும், எல்லோரும் சாப்பிடட்டும். அவர் மட்டும் ஐந்து நிமிஷத்தில் தட்டைக் காலி செய்துவிட்டு, மற்றவர்கள் முடிக்கும்வரை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கட்டும்.

நான்கு கதவு

நாடகத்தின் கட்டுமானத்துக்குப் போர்ஷெர்ட்டிடம் போங்கள். ஜெர்மானிய எழுத்தாளர் வொல்ஃப்காங் போர்ஷெர்ட்டின் 'கதவுக்கு வெளியே' 1947 பிப்ரவரியில் வானொலியில் ஒலித்தது. அது மேடையேறியது நவம்பர் 21-இல், அவர் இறந்த மறுநாள். அவருக்கு வயது 26. சைபீரியச் சிறையிலிருந்து திரும்பிய பெக்மன் ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறான். ஒவ்வொன்றும் சாத்தப்படுகிறது. தன் மூக்குக்கண்ணாடி போய்விட்டதால் ராணுவம் கொடுத்த வாயுமுகமூடிக் கண்ணாடியையே போட்டிருக்கிறான். போர் முடிந்தாலும் அவன் போர்க் கண்ணாடி வழியாகவேதான் பார்க்கிறான் என்பதை வசனம் இல்லாமல் ஒரு பொருள் சொல்லிவிடுகிறது.

நம் நாயக்குக்கும் நான்கு கதவு. முதலாவது சொந்த வீடு. இங்கே அவரைப் பற்றி மனைவி பேச வேண்டும், அவர் பேசக் கூடாது. ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' முதல் பாகத்தில் ஹாட்ஸ்பரின் மனைவி அவனிடம் ஒரு பட்டியல் வாசிக்கிறாள்: சாப்பாடு போச்சு, தூக்கம் போச்சு, தரையையே பார்க்கிறாய், தனியாக உட்கார்ந்தால் திடுக்கிடுகிறாய், தூக்கத்தில் குதிரையையும் பீரங்கியையும் பற்றிப் பேசுகிறாய், நெற்றியெல்லாம் வியர்வை. 400 ஆண்டுக்கு முந்தைய பட்டியல், ஒன்றுகூடப் பழசாகவில்லை. அவன் ஒரு வார்த்தைகூட நேராகப் பதில் சொல்லாமல் குதிரை வந்ததா என்று வேலைக்காரனைக் கேட்கிறான். நம் வீட்டில் அது இப்படி வரலாம்:

"ஏனுங்க, ராத்திரி யாரையோ எண்ணிட்டிருந்தீங்க. மூணு வரைக்கும் எண்ணி எண்ணி நிறுத்தினீங்க."

"கெணத்துல தண்ணி எவ்வளவு கெடக்குது?"

இவ்வளவே. மூன்று என்ற எண் விதைத்தாகிவிட்டது. அதை விளக்கி அடுத்த வசனம் எழுதத் தோன்றும். எழுதாதீர்கள்.

இரண்டாவது கதவு டீக்கடை. இதற்கு ஹெமிங்வேயின் 'சோல்ஜர்ஸ் ஹோம்' என்ற சிறுகதை உதவும், 1925-இல் வந்தது. கிரெப்ஸ் ஊருக்குத் தாமதமாக வருகிறான். வரவேற்பெல்லாம் முடிந்து, போர்க்கதை கேட்டு ஊருக்குச் சலித்துவிட்டது. யாராவது காது கொடுக்க வேண்டுமென்றால் பொய் சேர்க்க வேண்டியிருக்கிறது. சேர்த்த பிறகு உண்மையும் அவனுக்குக் கசந்துபோகிறது. டீக்கடையில் நாயக்கை அந்த நிலைக்குத் தள்ளுங்கள். கேட்கக் கூடாததைக் கேட்கிற ஆளாகக் கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரனின் சாயலில் ஒருவர் இருந்தால் காட்சி வேகமாக நகரும். "ஏப்பா மிலிட்டரி, எத்தன பேரச் சுட்ட?" என்று கட்டியங்காரன்தான் கேட்க முடியும், நல்லவர்கள் கேட்கமாட்டார்கள். நாயக் ஒரு எண்ணைச் சொல்லட்டும். கடை ஆரவாரிக்கட்டும். பொய் என்று பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டும், கடைக்குத் தெரியக் கூடாது. இதைச் சாதிக்க எளிய வழி: சொன்ன பிறகு அவர் டீயைக் குடிக்காமல் எழுந்து போவது.

மூன்றாவது கதவுதான் நாடகத்தின் நடு. இறந்துபோன பையனின் அம்மா. ரெமார்க்கின் 'ஆல் க்வயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' நாவலில் பால் என்ற சிப்பாய் தன் நண்பன் கெம்மெரிக்கின் தாயிடம், அவன் வலியில்லாமல் உடனே போய்விட்டான் என்கிறான். அவள் நம்பவில்லை, சத்தியம் கேட்கிறாள், அவன் சத்தியமும் செய்கிறான். கெம்மெரிக் இறந்தது மருத்துவமனைக் கட்டிலில், மெதுவாக. நாவல் அதை முன்பே நமக்குக் காட்டிவிட்டதால் பொய்யின் எடை நமக்குத் தெரியும். நாடகத்தில் முன்பே காட்ட வழியில்லை. அதனால் வேறு உத்தி வேண்டும்: மூன்று கேள்வி, மூன்று பதில், அதில் ஒன்று பொய்.

"வலியில்லாமத்தான போனான் கண்ணு?"

"ஆமாங்கம்மா."

"தண்ணி ஏதும் கேட்டானா?"

"இல்லீங்கம்மா."

"நீ பக்கத்துல இருந்தியா சாமி?"

"இருந்தேனுங்க."

எது பொய் என்று எழுதுகிறவரும் நாயக்காக நடிப்பவரும் மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள். அம்மாவாக நடிப்பவருக்குச் சொல்லாதீர்கள், அவர் தேடட்டும். ஒத்திகைக்கு ஒத்திகை பொய்யை மாற்றிப் பாருங்கள். மூன்றாவது பதில் பொய்யாக இருக்கும் அன்றைக்கு நடிகரின் கழுத்து தானாகவே இறுகும், நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் காட்சியில் அழுகை வந்தால் தோல்வி. அம்மா அழுதால் பார்ப்பவர்கள் ஆறுதல் அடைந்து கைக்குட்டையை எடுத்துவிடுவார்கள். அவர் உள்ளே போய்ச் சோறு போட்டுக்கொண்டு வரட்டும். நாயக் இந்த வீட்டில் மட்டும் மெதுவாகச் சாப்பிடட்டும்.

நான்காவது கதவு ஏற்காட்டில். போர்ஷெர்ட்டின் பெக்மன் தன் கர்னலின் வீட்டுக்குப் போகிறான். ஒருநாள் உளவுக்குப் போன 20 பேருக்கு நீ பொறுப்பு என்று கர்னல் சொன்னார், 11 பேர் திரும்பவில்லை. அந்தப் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் தூக்கம் வரும் என்று நினைக்கிறான். இரவுச் சாப்பாட்டில் இருக்கும் கர்னல் அதை நல்ல நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார். உலக நாடகத்தில் இதைவிடக் குரூரமான சிரிப்பு குறைவு.

அதைப் பிரதி எடுக்காதீர்கள், எடுத்தாலும் ஜெர்மானியச் சிரிப்பு நம் ஊரில் ஒட்டாது. நாயக்கின் மேலதிகாரியான மேஜரும் லீவில் அப்பாவின் காப்பி எஸ்டேட்டுக்கு வந்திருக்கிறார். நாயக் மலைப் பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவையும் எண்ணிக்கொண்டே ஏறி வந்து சேருகிறார். எண்ணுவதை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து இரண்டு நிமிஷத்தில் காட்டிவிடலாம். பறித்த காப்பிப் பழத்தைக் காயப்போடுகிற சிமெண்டுத் தரைக்கு எஸ்டேட்டில் பெயர் களம். பிப்ரவரி வரை அதில் காப்பி காயும். தூக்கம் வராத மேஜர் நடுச்சாமத்தில் டார்ச்சை எடுத்துக்கொண்டு களத்தைச் சுற்றி வருகிறார். நெடுநல்வாடையின் கடைசி அடிகளை இங்கே திறந்து வையுங்கள். வாடைக் காற்றில், நள்ளென் யாமத்தில், நழுவும் மேலாடையை இடப்பக்கம் தழுவிக்கொண்டு, வாள் தொங்கவிட்ட வீரனின் தோளில் கை வைத்து, புண்பட்டவர்களைப் பார்த்தபடி பள்ளி கொள்ளாமல் அரசன் திரிகிறான். மேஜரின் தோளிலிருந்து சால்வை நழுவட்டும். கை நாயக்கின் தோளுக்குப் போகட்டும். நாயக் மூன்று பேரைச் சொல்லட்டும், பெயர் மட்டும். பெக்மனுக்குப் பதினொன்று, இங்கே மூன்றே போதும். மூன்று பெயரைப் பார்ப்பவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போவார்கள், பதினொன்றை மண்டபத்திலேயே விட்டுவிடுவார்கள்.

சத்தத்தை விட நிசப்தம்

பட்டாசு வெடிக்கிறது, பட்டாளத்துக்காரர் தரையில் விழுந்து படுக்கிறார். இந்தக் காட்சியை எல்லோரும் எழுதிவிட்டார்கள். அம்மாபேட்டையிலும் குகையிலும் வளர்ந்தவர்களுக்கு இதைவிட நல்ல சத்தம் தெரியும்: விசைத்தறி. பத்தடி தூரத்தில் போனை வைத்து ஐந்து நிமிஷம் பதிவு செய்து, பார்ப்பவர்கள் உள்ளே வரும்போதே மெல்லிய அளவில் ஓடவிடுங்கள். பத்து நிமிஷத்தில் யாருக்கும் அது காதில் விழாமல் போய்விடும். முதல் காட்சியின் நடுவில் சட்டென்று நிறுத்துங்கள். கிழங்கு உரிக்கும் கை அப்படியே நிற்கட்டும். நான்கு வினாடி. "கரண்டு போயிருச்சு" என்று மனைவி சொல்ல, கை மறுபடி நகரட்டும். பதுங்குகுழியில் இருந்தவர்களுக்குச் சத்தம் நின்றால்தான் பயம், அடுத்தது என்ன என்று தெரியாததால். சத்தத்தைத் தேய்த்துக் குறைத்து நிறுத்தினால் விளைவு வராது, வெட்டி நிறுத்துங்கள். கைத்தறியைப் பதிவு செய்து வராதீர்கள். அது காலால் ஓடுவது, கரண்டு போனால் நிற்காது. மண்டபத்தில் பாதிப் பேருக்கு இது தெரியும்.

பொருட்கள்

சீருடை வேண்டாம். விடுப்பில் வந்தவர் வீட்டில் லுங்கியும் பனியனும்தான் போட்டிருப்பார். கறுப்பு ட்ரங்குப் பெட்டி ஒன்று போதும், வெள்ளை பெயிண்டில் எண், ரேங்க், பெயர். 'வீர மதராசி, அடி கொல்லு' என்ற மெட்ராஸ் ரெஜிமெண்ட் முழக்கத்தைக் கைதட்டலுக்காகச் செருகாதீர்கள். சமையலறையில் நின்று யாரும் முழக்கம் போடுவதில்லை. காலை நாலு மணிக்குக் குளிப்பது, தினமும் சவரம், போர்வையை ஓரம் பிசகாமல் மடிப்பது, இவை போதும்.

ரம் பாட்டில் இருந்தால் அதன் பாரம் தெரிந்து வையுங்கள். மதராஸ் மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் வந்தது சேலம் மாவட்டத்தில்தான், 1937-இல் ராஜாஜி கொண்டுவந்தார். தமிழ்நாட்டில் அது தளர்ந்தது 1971-இல். அப்படியென்றால் 1972-இல் ஒரு சேலத்து வீட்டில் பாட்டிலைக் கூடத்தில் வைப்பது அம்மாவுக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். ஒளித்து வைக்கும் இடம் எது என்பதே ஒரு காட்சி. பாட்டிலுக்குள் பால் விடாத டீ: ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன் தூள், மூன்று நிமிஷம் கொதி, துணியில் இரண்டு தடவை வடிகட்டி, ரம் நிறத்துக்குக் கொஞ்சம் கருப்பட்டிப் பாகு. ஃப்ரிட்ஜில் வைத்தால் கலங்கிவிடும், வெளியிலேயே ஆறவிடுங்கள். காட்சிக்குக் காட்சி அளவு குறைய, குடித்துக் குறைக்காமல் மூன்று பாட்டிலை வெவ்வேறு அளவில் தயாராக வையுங்கள். தள்ளாடி நடிக்க வேண்டாம் என்று நடிகரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தாங்குவதற்காகக் குடிக்கிறவர் நிதானமாகத் தெரிய முயற்சி செய்வார், அந்த முயற்சிதான் தெரிய வேண்டும்.

நாவலாக எழுதுகிறவர்களுக்கு

நாடகத்துக்கு இல்லாத வசதி நாவலுக்கு உண்டு: மண்டைக்குள் நுழையலாம். வர்ஜினியா வுல்ஃபின் 'மிஸஸ் டாலோவே'யில் போரிலிருந்து திரும்பிய செப்டிமஸ் காதில் பறவைகள் கிரேக்க மொழியில் பாடுகின்றன. ஒரு டாக்டர் உனக்கு ஒன்றுமில்லை என்கிறார், இன்னொருவர் அளவோடு இரு என்று ஓய்வுக்கு அனுப்பப் பார்க்கிறார். இரண்டு உலகமும் ஒரே பக்கத்தில் மோதுகின்றன. டாக்டரை வில்லனாக்குவது சுலபம் என்பதால் எச்சரிக்கையாக இருங்கள். பாட் பார்க்கரின் 'ரீஜெனரேஷன்' நாவலில் வரும் டாக்டர் ரிவர்ஸ் உண்மையில் வாழ்ந்தவர், கேட்கத் தெரிந்தவர். அவர் போருக்கு முன் நம் நீலகிரியில் தோடர்களிடையே தங்கி ஆய்வு செய்து 1906-இல் பெரிய நூல் எழுதியவர் என்பது பலருக்குத் தெரியாது.

தமிழில் ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' கட்டாயம். இந்திய தேசிய ராணுவத்தில் இருந்துவிட்டுப் பினாங்குக் கடைக்குத் திரும்பும் செல்லையாவைப் பாருங்கள். துப்பாக்கி பிடித்தவன் இனிப் பேரேட்டுக்கு உதவுவானா என்கிற முதலாளியின் பார்வைதான் அவன் தாங்க வேண்டிய இரண்டாவது போர். ஷோபாசக்தியின் 'கொரில்லா' அகதி விண்ணப்பத்தையே கதையின் பாத்திரமாக்குகிறது. சொல்ல முடியாததை மனுவின் எண்ணிட்ட பத்திகளுக்குள் அடைக்கும்போது, அடைபடாமல் பிதுங்குவது எது என்று தெரிகிறது. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒரு மனு என்ற வடிவில் நீங்களும் ஒரு சிறுகதை முயன்று பார்க்கலாம். இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் மனு போலத் தெரியாது.

மேடையேறும் முன்

வசனம் மொத்தம் 3000 சொல்லைத் தாண்டக் கூடாது. நிமிஷத்துக்கு நூறு சொல் என்று வைத்தால் அரை மணி நேரம், மீதிக் கால் மணி நேரம் மௌனத்துக்கு. குழுக்கள் இந்தக் கால் மணி நேரத்தைக் கண்டு பயந்து வசனத்தால் நிரப்பிவிடுகின்றன. ஆறு வாரத்துக்கு 20 ஒத்திகை, அதில் முதல் ஐந்து வசனம் இல்லாமல், வேலையை மட்டும் செய்து.

பத்தாவது ஒத்திகைக்குப் பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள் ஒன்றிரண்டு பேரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சண்டையைப் பற்றிக் கேட்காதீர்கள். ராத்திரி டூட்டியில் நேரத்தை எப்படிப் போக்குவீர்கள், கடிதம் வரும் நாளில் என்ன செய்வீர்கள், லீவு முடிந்து கிளம்பும் காலையில் பெட்டியில் கடைசியாக எதை வைப்பீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் 'இப்படி இல்லீங்க' என்று சொல்கிற இடத்தை அன்றே திருத்துங்கள்.

இறந்தவர்களையும் தூக்கமின்மையையும் பேசுகிற நாடகம் என்று நுழைவாயிலில் எழுதி வைப்பது நல்லது, வருகிறவர்களில் யார் எதைச் சுமந்து வருகிறார்கள் என்று தெரியாது. சோஃபக்கிளிஸின் 'அயாக்ஸ்' நாடகத்தில் வரும் வீரனைப் போல நாயக்கும் தற்கொலை செய்துகொள்ளலாமா என்று குழுவில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். வேண்டாம். அதற்கு வேண்டிய அனுபவம் முதல் நாடகத்தில் இருக்காது, கூட்டத்தில் ஒருவருக்கு அது வழிகாட்டியாகிவிடவும் கூடும். மனநல உதவிக்கான டெலி மனாஸ் எண் 14416 என்பதைத் துண்டுச்சீட்டின் பின்பக்கம் அச்சடித்து விடுங்கள்.

முடிவில் 59-ஆம் நாள் தாளைக் கிழித்த பிறகு அட்டையில் ஒரு தாள் மிஞ்சும். நாயக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகட்டும். அம்மா அதில் நல்ல நேரம் பார்க்கட்டும், விளக்கை அணைக்காமல் திரையை மூடுங்கள். கடைசித் தாள் ஆணியில் ஆடாமல் இருக்க, அட்டைக்குப் பின்னால் ஒரு குண்டூசி குத்தி வையுங்கள். மின்விசிறிக் காற்றில் அது பறந்து விழுந்தால் கூட்டம் சிரித்துவிடும்.